ஸ்க்ரூஜ் உருகும் இடம்: கிறிஸ்துமஸ் இரவுக்கு எந்தப் படம்?

எங்கள் வீட்டில் டிசம்பர் 24 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம். பலகாரம் சுட்டு, வீடு கழுவி, வாசலில் நட்சத்திரம் கட்டி முடித்த களைப்பில் உட்காரும் நேரம் அது. பல வருடமாக அந்த நேரத்துக்கு ஒரே கதைதான்: சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. கதையில் சண்டை இல்லை, எந்தப் படம் என்பதில்தான் பேச்சு நீளும். எட்டு வயது மகளுக்கு ஒன்று பிடிக்கும், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகனுக்கு இன்னொன்று. அம்மாவுக்கு ஆங்கில வசனம் பாதிதான் புரியும், ஆனால் முகத்தைப் பார்த்தே முழுக்கதையும் சொல்லிவிடுவார். இத்தனை பேருக்கும் பொருந்துகிற ஒரு படத்தைத் தேடி நான் ஏழெட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த அலசல்தான் இது.

கதை பலருக்கும் தெரியும். லண்டனில் எபனேசர் ஸ்க்ரூஜ் என்றொரு வியாபாரி. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். கிறிஸ்துமஸ் என்றாலே பித்தலாட்டம் என்பார். அவருடைய குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம், வீட்டில் கால் விளங்காத டைனி டிம் என்ற பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஏழு வருடம் முன்னால் செத்துப்போன கூட்டாளி மார்லி, பணப்பெட்டியும் பூட்டும் கணக்குப் புத்தகமும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அப்புறம் மூன்று ஆவிகள்: கடந்த கிறிஸ்துமஸ், நிகழும் கிறிஸ்துமஸ், வரப்போகும் கிறிஸ்துமஸ். விடியும்போது ஸ்க்ரூஜ் வேறு ஆள்.

புத்தகம் 1843 டிசம்பர் 19 அன்று வந்தது. அச்சிட்ட 6,000 பிரதியும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் தீர்ந்துவிட்டன. விலை 5 ஷில்லிங். அதாவது பாப் கிராட்சிட் தன் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால்தான் தன்னைப் பற்றிய கதையை வாங்கிப் படித்திருக்க முடியும். இந்தக் கணக்கு என் மனதை விட்டுப் போவதே இல்லை.

சரி, எந்தப் படம் நல்ல படம் என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆவி எவ்வளவு பயமாக இருக்கிறது, டைனி டிம் எவ்வளவு அழகாக இருக்கிறான், லண்டன் பனி எவ்வளவு தத்ரூபம் என்றெல்லாம் பார்க்கலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஸ்க்ரூஜ் எந்த இடத்தில் உருகத் தொடங்குகிறார்?

மூன்றாவது ஆவி காட்டும் கல்லறையில் தன் பெயரைப் பார்த்துப் பயந்து திருந்தினார் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை. முதல் ஆவி அவரைப் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறது. விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட, ஒரே ஒரு சிறுவன் மட்டும் தனியாக உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். அது தான்தான் என்று கண்டதும் கிழவர் அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: நேற்று ராத்திரி என் கதவோரம் ஒரு பையன் பாட்டுப் பாடினான், அவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம். உருகல் அங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்து, இளம்வயதில் தன்னை வேலைக்கு வைத்திருந்த ஃபெஸிவிக்கின் கொண்டாட்டத்தைப் பார்த்ததும், என் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்போல இருக்கிறது என்கிறார். அப்புறம் டைனி டிம் பிழைப்பானா என்று கேட்கிறார். மூன்றாவது ஆவி வரும்போது, நீ எனக்கு நல்லது செய்யத்தான் வந்திருக்கிறாய் என்று தானே சொல்கிறார். ஆகக் கல்லறைக்கு வருவதற்குள்ளேயே மனிதர் பாதிக்கு மேல் மாறிவிட்டார். பயம் கடைசித் தட்டு மட்டும்தான். வேலையைச் செய்தது நினைவும் வெட்கமும் இரக்கமும். இதைப் புரிந்துகொண்ட படம் நல்ல படம்.

இந்த அளவுகோலில் முதலில் தவறுவது, தொழில்நுட்பத்தில் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் 2009ஆம் ஆண்டுப் படம். ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கியது. ஜிம் கேரி ஸ்க்ரூஜாகவும் மூன்று ஆவிகளாகவும் நடித்தார், நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கணினியில் உருவம் கொடுத்தார்கள். வசனம் பெரும்பாலும் புத்தகத்தில் இருப்பதுதான். முதல் ஆவியை மெழுகுவர்த்திச் சுடராகக் காட்டியது அருமையான யோசனை, ஏனென்றால் டிக்கன்ஸின் ஆவிக்கும் தலையிலிருந்து வெளிச்சம் பாய்கிறது, அதை அணைக்க ஒரு குல்லாவும் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் மார்லியின் பிணத்துக் கண்மேல் வைத்த இரண்டு காசையும் ஸ்க்ரூஜ் எடுத்துக்கொள்ளும் காட்சி புத்தகத்தில் இல்லாதது, ஆனாலும் சுருக்கென்று குத்துகிறது. இவ்வளவும் இருந்து, மூன்றாவது ஆவி வந்ததும் படம் தடம் புரண்டுவிடுகிறது. பிண வண்டி துரத்துகிறது, கிழவர் எலி அளவுக்குச் சுருங்கி ஓடுகிறார், சறுக்குகிறார், விழுகிறார். மனம் மாற வேண்டிய நேரத்தில் ஆளைப் போட்டுத் துரத்தினால் அவர் எப்போது யோசிப்பார்? அந்தக் கணினி முகங்களின் கண்ணில் ஈரமே தெரியவில்லை. அம்மா பத்து நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் மகனுக்கு மட்டும் இன்றைக்கும் இதுதான் பிடித்த படம்.

1938ல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் எடுத்த படம் எதிர்ப்பக்கம் தவறுகிறது. லயனல் பேரிமோர் நடிப்பதாக இருந்து, அவர் உடல்நிலையால் முடியாமல் போய், ரெஜினால்ட் ஓவன் நடித்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், குழந்தைகள் பயப்பட எதுவுமில்லை. ஆனால் ஸ்க்ரூஜ் காதலித்த பெண்ணே இதில் இல்லை. இரண்டாவது ஆவி வந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கிறிஸ்துமஸ் ரொம்பப் பிடிக்கும் என்று கிழவர் குதிக்கிறார். இத்தனை சீக்கிரம் கரைகிறவர் முதலில் கல்லாக இருந்தார் என்பதையே நம்ப முடியவில்லை.

ஆல்பர்ட் ஃபின்னி நடித்த 1970ஆம் ஆண்டு 'ஸ்க்ரூஜ்' பாட்டுப் படம். பாட்டு எல்லாம் லெஸ்லி பிரிக்கஸ். ஃபின்னிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஒப்பனை போட்டுக் கிழவராகவும், ஒப்பனை இல்லாமல் இளைஞராகவும் அவரே நடித்தார். இதில் ஒரு காட்சிக்காக இந்தப் படத்தை யாருக்கும் சிபாரிசு செய்வேன். வரப்போகும் காலத்தில் தெருவெல்லாம் கொண்டாட்டம், எல்லோரும் நன்றி நன்றி என்று பாடுகிறார்கள். தனக்குத்தான் நன்றி என்று நினைத்து ஸ்க்ரூஜும் சேர்ந்து ஆடுகிறார். அவரிடம் கடன் வாங்கியவர்கள் அவருடைய சவப்பெட்டி மேலேயே ஏறி ஆடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. கஞ்சனின் சாவு எப்படியிருக்கும் என்பதை இதைவிட வலிக்க வலிக்கச் சொன்ன பாட்டு நான் கேட்டதில்லை. ஆனால் நடுவில் உருகும் இடத்தில், இரண்டாவது ஆவி ஒரு கோப்பையில் இரக்கத்தின் பாலை ஊற்றிக் குடிக்கக் கொடுக்க, குடித்துவிட்டுத்தான் ஸ்க்ரூஜ் வாழ்க்கை பிடித்திருக்கிறது என்று பாடுகிறார். தானாகக் கனிய வேண்டியதைக் குடிக்க வைத்தது எனக்கு ஒட்டவில்லை. கடைசியில் நரகத்துக்கும் கூட்டிப்போய் ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தில் கவனம்.

பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்த 1999ஆம் ஆண்டு தொலைக்காட்சிப் படத்தைச் சிறிதாகவே சொல்கிறேன், ஏனென்றால் மொத்தத்தில் கொஞ்சம் வறண்ட படம். ஸ்டூவர்ட் இதற்கு முன்பே இந்தக் கதையை மேடையில் தனி ஆளாக நடித்தவர், ஒவ்வொரு வரியும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மற்ற படங்கள் பெரும்பாலும் வெட்டிவிடும் ஒரு பகுதி இதில் உண்டு: சுரங்கத் தொழிலாளிகள், கலங்கரை விளக்கத்துக் காவலர்கள், நடுக்கடலில் கப்பல்காரர்கள் என யாருமற்ற இடங்களிலும் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்பதை ஆவி காட்டுகிறது. விடிந்ததும் ஸ்க்ரூஜுக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் பல வருடம் சிரிக்காத தொண்டையில் அது இருமலாக, விக்கலாக முட்டிக்கொண்டு நின்று, அப்புறம்தான் சிரிப்பாகிறது. அந்த அரை நிமிடம் பொன்.

கய் பியர்ஸ் நடித்து 2019ல் வந்த மூன்று பகுதித் தொடர் குடும்பத்தோடு பார்க்க அல்ல. சிறுவயதில் ஸ்க்ரூஜுக்கு நடந்த கொடுமை, கிராட்சிட்டின் மனைவிக்கு அவர் செய்யும் அவமானம் என்று மிக இருண்ட வழியில் போகிறது. பெரியவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது மீதி இருப்பவை மூன்று. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

முதலில் ஜார்ஜ் சி. ஸ்காட், 1984. கிளைவ் டோனர் இயக்கி அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. படப்பிடிப்பு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்தில், பழைய தெருக்களிலேயே நடந்தது. படத்துக்காகச் செதுக்கிய ஸ்க்ரூஜின் கல்லறைக் கல்லைப் படப்பிடிப்புக்குப் பிறகும் அங்கே புனித சாட் தேவாலயத்துத் தோட்டத்திலேயே விட்டுவைத்தார்கள். ஸ்காட்டின் ஸ்க்ரூஜ் கூன் விழுந்த, கிறீச்சிடும் கிழவர் இல்லை. ஓங்கு தாங்கான, நல்ல உடை போட்ட, புத்திசாலியான வியாபாரி. சந்தையில் தானியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நேற்றைய விலைக்குக் கேட்டவர்களிடம் இன்றைக்கு விலையை ஏற்றுகிறார். தர்மம் கேட்டு வந்தவர்களைத் திட்டி விரட்டவில்லை, புன்சிரிப்போடு மறுக்கிறார். இந்த மாதிரி ஆளை நாம் எல்லோரும் நேரில் பார்த்திருப்போம், அதனால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

இந்த ஸ்க்ரூஜ் ஆவிகளோடு வாதாடுகிறார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்ட அப்பா இந்தப் படத்தில் நேரிலேயே வருகிறார். வண்டியோரம் நின்று மகனை முகம் பார்த்துப் பேசாத அந்த மனிதரைக் கண்டதும், இவர் ஏன் இப்படி ஆனார் என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது. பாலத்தடியில் குளிர்காயும் ஏழைக் குடும்பத்தின் முன்னால் ஆவி அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகும்போதுதான் வாதம் தீர்கிறது. எட்வர்ட் உட்வர்டின் இரண்டாவது ஆவி சிரித்துக்கொண்டே அதட்டுகிறது. ஸ்க்ரூஜ் தர்மம் கேட்டவர்களிடம் சொன்ன அதே வார்த்தையை, செத்தால் ஜனத்தொகை குறையுமே என்பதை, டைனி டிம்மைக் காட்டித் திருப்பிச் சொல்லும்போது ஸ்காட்டின் முகம் மெல்லக் கீழே இறங்குகிறது. புத்தகத்துக்கு விசுவாசமும் வேண்டும், வண்ணப்படமும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். குறை என்று சொன்னால், உருகின பிறகும் ஸ்காட் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கிறார். மறுநாள் காலை மகிழ்ச்சி அவர் உடம்பில் முழுசாக இறங்கவில்லை.

அடுத்து 1992ல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்'. பொம்மைப் படம்தானே என்று நான் பல வருடம் தள்ளி வைத்திருந்தேன், அது என் தப்பு. மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990ல் இறந்த பிறகு, மகன் பிரையன் ஹென்சன் இயக்கிய படம். கெர்மிட் தவளை பாப் கிராட்சிட், கான்ஸோ பொம்மை டிக்கன்ஸாகவே வந்து கதை சொல்கிறது. அதனால் வேறு படங்களில் காணாமல் போகும் டிக்கன்ஸின் வர்ணனை வரிகள் இங்கே குரலாகவே கேட்கின்றன. இத்தனை பொம்மைக்கு நடுவில் மைக்கேல் கெய்ன் மட்டும் ஷேக்ஸ்பியர் நாடகம் நடிப்பவரைப் போல முழு மனசோடு, ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல் நடிக்கிறார். அந்தப் பிடிவாதம்தான் படத்தைத் தாங்குகிறது. தொடக்கத்தில் கதவோரம் பாட வந்த முயல் பொம்மைமேல் அலங்கார வளையத்தைத் தூக்கி எறிகிறார் ஸ்க்ரூஜ். மறுநாள் காலை வான்கோழி வாங்கி வர அதே முயலைத்தான் அனுப்புகிறார். பாடின பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்ற அந்தப் பழைய ஏக்கம் இங்கே செயலாக முடிகிறது.

ஆனால் எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். காதலி பெல் பனியில் நின்று பிரிவைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. சின்னக் குழந்தைகள் நெளிவார்கள் என்று டிஸ்னி அதைத் திரையரங்குப் பதிப்பிலிருந்து வெட்டிவிட்டது. அந்தப் பாட்டின் கடைசியில் கிழட்டு ஸ்க்ரூஜும் சேர்ந்து பாட முயன்று குரல் உடைந்து நிற்கிறார். கெய்னின் ஸ்க்ரூஜ் உருகும் இடம் அதுதான், அதையே எடுத்துவிட்டால் படத்தில் நெஞ்சில்லை. முடிவில் வரும் பாட்டு அதே மெட்டில் பிரிவைச் சேர்தலாக மாற்றுகிறது. முதல் பாட்டைக் கேட்காதவருக்கு அதுவும் தெரியாமல் போகிறது. தொலைந்துபோன மூலப்பிரதியைக் கண்டுபிடித்து, 2022ல் முழுப்பதிப்பு மறுபடி வெளியானது. அதைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். மகள் நெளியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா ஏன் போய்விட்டாள் என்று மட்டும் கேட்டாள்.

கடைசியாக அலஸ்டர் சிம். 1951, கறுப்பு வெள்ளை, பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கியது. இங்கிலாந்தில் 'ஸ்க்ரூஜ்' என்ற பெயரில் வந்தது. ஸ்காட் படத்தை இயக்கிய கிளைவ் டோனர்தான் இதற்குப் படத்தொகுப்பு. அதனால்தானோ என்னவோ, இரண்டு படமும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருக்கின்றன.

சிம்மின் ஸ்க்ரூஜ் சாப்பாட்டுக் கடையில் இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கிறார். அரைப் பென்னி கூட ஆகும் என்கிறார் பரிமாறுபவர். வேண்டாம் என்று விடுகிறார். முகத்தில் ஒரு கணம் பசி தெரிந்து மறைகிறது. கஞ்சத்தனம் முதலில் தன் வயிற்றையே சுருக்கும் என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. இவர் கெட்டவராக இருப்பதில் சந்தோஷப்படுகிறவர் இல்லை, துக்கத்தில் உறைந்துபோனவர்.

புத்தகத்தில் இல்லாததைப் படம் நிறையச் சேர்க்கிறது, சேர்த்ததெல்லாம் உருகலுக்கே உதவுகிறது. அக்கா ஃபேன் பிள்ளை பெற்றுச் சாகிறாள். என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவள் கடைசியாகச் சொல்லும்போது இளம் ஸ்க்ரூஜ் அறையை விட்டுப் போய்விட்டார், அது அவர் காதில் விழவே இல்லை. ஆவியோடு நிற்கும் கிழவருக்கு இப்போதுதான் கேட்கிறது. அந்தப் பிள்ளைதான் வருடாவருடம் விருந்துக்குக் கூப்பிட்டு ஏமாந்துபோகும் ஃபிரெட். அம்மா இந்த இடத்தில் எப்போதும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். இன்னொன்று, மார்லி சாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொல்லியும், கடை அடைக்கும் நேரம் வரை ஸ்க்ரூஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சிம் சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, இனி மாற முடியாது, வேறு யாராவது இளையவனைப் பாருங்கள் என்று ஆவியிடமே கெஞ்சுகிறார். வேறெந்த ஸ்க்ரூஜிடமும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்க்காத ஒரு உண்மை இது. திருந்த மறுப்பது எப்போதும் திமிரினால் இல்லை, காலம் கடந்துவிட்டது என்ற நம்பிக்கையின்மையினாலும்தான்.

வேலைக்கார அம்மா மிஸஸ் டில்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈயார் தேட்டைத் தீயார் கொள்வர் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, அதற்குப் படம் போட்ட மாதிரி ஒரு காட்சி புத்தகத்தில் உண்டு. செத்துப்போன ஸ்க்ரூஜின் கட்டில் திரையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடையில் விற்கிறார்கள். அப்படி விற்றவர்களில் ஒருத்தியையே சிம் படத்தில் அவர் வீட்டு வேலைக்காரியாக வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்தவுடன் கிழவர் முதலில் பார்ப்பது அந்த அம்மாவை. கட்டில் திரை அப்படியே தொங்குகிறது, அதைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார். கையில் ஒரு பொற்காசைத் திணித்து, வாரச் சம்பளம் இரண்டு ஷில்லிங்கைப் பத்தாக்குகிறார். மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அந்த அம்மா அலறிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். தன்னைக் கொள்ளையடிக்கப் போகிறவள் என்று தெரிந்தும் முதல் காசு அவளுக்குத்தான்.

ஆகவே முடிவு இது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் மப்பெட், முழுப்பதிப்பு மட்டும். இன்னும் சிறியவர்கள், அரை மணி நேரம்தான் உட்காருவார்கள் என்றால் 1983ல் டிஸ்னி எடுத்த 26 நிமிட மிக்கி படம் போதும். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு ஸ்காட். ஒரே ஒரு படம்தான், அதுவும் பெரியவர்களோடு என்றால் யோசிக்காமல் சிம். பிற்பாடு வண்ணம் பூசிய பதிப்பு ஒன்றும் சுற்றுகிறது, அதை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளையையே பாருங்கள். அந்த நிழலெல்லாம் வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு மப்பெட். அது முடிந்து மகள் சாய்ந்து தூங்கினதும் எட்டு மணிக்கு சிம். ஆராதனைக்குப் புறப்படும் முன் ஃபிரெட் வீட்டுக் காட்சி வந்துவிடும். கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக் கதவுக்கு வெளியே தயங்கி நிற்பார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். கதவு திறந்துவிட்ட பணிப்பெண் அவர் முகத்தைப் பார்த்து, போங்கள் என்று மெல்லத் தலையசைப்பாள். அந்தத் தலையசைப்புக்கு அம்மாவும் கூடவே தலையசைப்பார், ஒவ்வொரு வருடமும்.